மின்ட் 22-க்கு மாறுவது, அப்புறம் ஸ்ட்ராபெரியில் பாட்டுக் கேட்பது

லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் 21 வரிசைக்கு 2027 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். 22 வரிசைக்கு 2029 வரை. அதனால் 21-இல் இருப்பவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. நான் மாறியது பாட்டுக்காக; பாட்டுக் கேட்பது ஸ்ட்ராபெரி என்ற பிளேயரில். நாள் முழுக்கக் கணினிமுன் வேலை. காதில் ஹெட்ஃபோன் இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

2024 ஜூலையில் வெளியான மின்ட் 22-இல்தான் ஒலியைக் கையாளும் பொறுப்பு பல்ஸ்ஆடியோவிடமிருந்து பைப்வயருக்குப் போனது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் இதை 2021-லேயே செய்துவிட்டது, உபுண்டு 2022 அக்டோபர் வெளியீட்டில் செய்தது. மின்ட் வழக்கம்போல மற்றவர்கள் அடிபட்டுத் தேறட்டும் என்று காத்திருந்தது. எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். பைப்வயரின் 1.0 பதிப்பு வந்ததே 2023 நவம்பரில்தான்.

புது பிளேயர் போட்டால் ஒலி கூடிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தரம் குறையாமல் சுருக்கிய ஒரே ஃப்ளாக் கோப்பை எந்த ஒழுங்கான பிளேயரில் திறந்தாலும், ஈக்வலைசரைத் தொடாத வரை, வெளியே போகும் எண்கள் ஒன்றுதான். ஒலி கெடுவதும் தேறுவதும் அதற்குக் கீழே, சவுண்ட் சர்வரிலும் (பைப்வயர் அதுதான்), புளூடூத்துக்காக ஒலியைச் சுருக்கும் கோடெக்கிலும் நடக்கிறது. பிளேயர் தருவது வேறு சுகம்: நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிவது, வேண்டியது சட்டென்று கையில் கிடைப்பது. ஆகவே முதலில் சிஸ்டம், பிறகு ஒலி, கடைசியில்தான் பிளேயர்.

பாட்டுகளுக்குத் தனி நகல்

சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி மின்ட்டில் முன்கூட்டியே இருக்கிறது. அதைத் திறந்து, ஆர்சிங்க் முறையைத் தேர்ந்தெடுத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். மேம்படுத்தும் கருவியே ஸ்னாப்ஷாட் இல்லாமல் முன்னேற விடாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுப்பதாக இருந்தால் அது இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவத்தில் இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ், ஃபேட்32 டிஸ்க்குகளை டைம்ஷிஃப்ட் ஏற்காது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைம்ஷிஃப்ட் தானாக விட்டால் ஹோம் ஃபோல்டரை நகலெடுக்காது. அது குறையல்ல, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது நீங்கள் நேற்று எழுதி முடித்த கோப்பும் சேர்ந்து பின்னோக்கிப் போய்விடக் கூடாதல்லவா? ஆனால் இதனால் உங்கள் பாட்டுகள் எந்த ஸ்னாப்ஷாட்டிலும் இல்லை. மியூசிக் ஃபோல்டரை வேறொரு டிஸ்க்குக்கு முழுதாகக் காப்பி எடுத்துவிடுங்கள். கூடவே ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல்-எச் அடித்தால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக், லோக்கல் என்ற இரண்டையும் சேர்த்து எடுங்கள். மின்ட்டோடு வரும் பிளேயரான ரிதம்பாக்ஸில் இத்தனை காலம் நீங்கள் போட்ட நட்சத்திரங்களும், எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கும் அந்த லோக்கல் ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன.

மின்ட் 22-இன் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை ஒரு பென் டிரைவில் எழுதி மேசைமேல் வையுங்கள். மாறிய பிறகு கணினி திறக்காமல் முரண்டு பிடித்தால், அந்த பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அதிலேயே இருக்கும் டைம்ஷிஃப்ட் மூலம் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

மேம்படுத்தல்

22-க்கு ஏறும் படி 21.3-இலிருந்துதான். நீங்கள் 21.1 அல்லது 21.2-இல் இருந்தால், அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவில் 21.3-க்கு மாறும் வரி இருக்கும். அதை முதலில் முடியுங்கள். பிறகு அப்டேட் மேனேஜரில் எதுவும் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் நிறுவிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட்.

அடுத்தது பிபிஏக்கள், அதாவது மின்ட்டுக்கு வெளியே உள்ள மென்பொருள் களஞ்சியங்கள். எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு மென்பொருளுக்காகச் சேர்த்து மறந்துபோனவை எல்லாருடைய கணினியிலும் இருக்கும். சாஃப்ட்வேர் சோர்சஸில் போய் அவற்றை எல்லாம் நிறுத்துங்கள். அதே இடத்தில் மெயின்டனன்ஸ் என்ற பகுதியில், வெளியிலிருந்து வந்த பேக்கேஜ்களை மின்ட்டின் சொந்தப் பதிப்புக்கு இறக்கும் வசதி இருக்கிறது. மேம்படுத்தல் பாதியில் சிக்குவதற்கு நான் பார்த்த வரையில் முக்கியக் காரணம் இந்த வெளிப் பேக்கேஜ்கள்தான். இதற்கு அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும்.

இனி கருவி. பேக்கேஜ்களை நிறுவும் சினாப்டிக் என்ற மென்பொருளில் மின்ட்அப்கிரேட் என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதித் தேடி நிறுவுங்கள். டெர்மினலைத் திறந்து, சூடோ, ஓர் இடைவெளி, அதே பெயர், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து எண்டர் தட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்கப்புறம் டெர்மினலுக்கு வேலையில்லை. கருவி ஒவ்வொன்றாகச் சோதிக்கும். ஏதாவது சரியில்லை என்றால் நிறுத்திச் சொல்லும், சரிசெய்யவா என்று கேட்கும். புதிய களஞ்சியத்தில் இடம்பெறாத பேக்கேஜ்களின் பட்டியலையும் காட்டும். அதை மேலோட்டமாகத் தள்ளிவிடாதீர்கள். கட்டாயம் வேண்டும் என்பவை இருந்தால் கருவியின் பிரிஃபரன்ஸில் அவற்றின் பெயரைச் சேர்த்தால் விட்டுவைக்கும்.

லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள், ஸ்கிரீன் லாக்கை நிறுத்துங்கள். பதிவிறக்கம் முடிந்து நிறுவத் தொடங்கிய பிறகு கணினியைத் தொடக் கூடாது. முடிந்ததும் ரீஸ்டார்ட், மீண்டும் ஒருமுறை அப்டேட் மேனேஜர், என்விடியா கார்டு உள்ளவர்கள் டிரைவர் மேனேஜரையும் பாருங்கள். மின்ட்டின் திரைச்சூழலான சினமனில் ஆப்லெட்டுகள் (பேனலில் நிற்கும் சிறு கருவிகள்) சேர்த்திருந்தால் அவற்றையும் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் பேனலில் ஒன்றிரண்டு காணாமல் போகலாம். மின்ட்அப்கிரேட் பேக்கேஜை இனி நீக்கிவிடலாம்.

கணினியைக் கண்டபடி நோண்டி, எங்கெங்கிருந்தோ மென்பொருள் போட்டு வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு நேரடியாகப் புதிதாக நிறுவிக்கொள்வது மேல். பாட்டும் கான்ஃபிக்கும்தான் ஏற்கனவே பத்திரமாக இருக்கின்றனவே.

ஒலி எப்படிப் போகிறது?

மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் ஆடியோ என்ற இடத்தைத் தேடுங்கள். பைப்வயர் என்ற பெயருக்கு எதிரே ஆக்டிவ் என்று இருந்தால் போதும். அங்கே இன்னும் பல்ஸ்ஆடியோதான் ஓடுகிறது என்றால், சினாப்டிக்கில் பைப்வயர்-ஆடியோ என்ற பேக்கேஜை நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள்.

உடனே வித்தியாசம் தெரிவது புளூடூத்தில். சவுண்ட் செட்டிங்ஸில் ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுத்தால், அதற்குக் கீழே அது ஏற்கும் கோடெக்குகள் வரிசையாக வரும். எல்டிஏசி இருந்தால் அதை எடுங்கள். நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பக்கூடியது. சிக்னல் மோசமானால் 660, 330 என்று இறங்கும். அது இல்லையென்றால் எஸ்பிசி-எக்ஸ்க்யூ. சாதாரண எஸ்பிசியின் இறுக்கம் தளர்ந்த வடிவம் அது, மலிவான ஹெட்ஃபோன்களிலும் வேலை செய்யும்.

திடீரென்று பாட்டு பழைய டெலிஃபோனில் கேட்பது போல ஆகிவிட்டதா? ஏதோ ஒரு மென்பொருள், பெரும்பாலும் வீடியோ மீட்டிங், ஹெட்ஃபோனின் மைக்கைத் திறந்திருக்கிறது. மைக் தேவைப்பட்டவுடன் புளூடூத், பாட்டுக்கான ஏ2டிபி முறையிலிருந்து பேச்சுக்கான எச்எஃப்பி முறைக்கு மாறும்; அதில் பாட்டுக்கு வேண்டிய அகலம் கிடையாது. மீட்டிங்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கை உள்ளீடாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பேசுவதற்கு அதுவே போதும்.

மாதிரி வேகம் (சாம்பிள் ரேட்) பற்றிப் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரிகள். பைப்வயர் இயல்பாக 48,000-இல் ஓடும், அதனால் ஒவ்வொரு சிடிப் பாட்டும் வழியில் மாற்றப்படுகிறது. அந்த மாற்றத்தை என் காதால் கண்டுபிடிக்க முடியாது. உங்களால் முடியும் என்று தோன்றினால், பைப்வயரின் கான்ஃபிக் கோப்பில் அனுமதிக்கப்பட்ட வேகங்களாக இரண்டையும் எழுதலாம். அல்லது ஸ்ட்ராபெரியின் செட்டிங்ஸில் பேக்எண்ட் பகுதியில் லினக்ஸின் அடித்தள ஒலி அடுக்கான ஆல்சாவைத் தேர்ந்தெடுத்து யுஎஸ்பி டிஏசிக்கு (எண்களை ஒலியாக மாற்றும் வெளிச்சாதனம்) நேராக அனுப்பலாம். இரண்டாவது வழியில் பாட்டு ஓடும்போது பிரவுசர் முதலான மற்ற எதற்கும் அந்த டிஏசி கிடைக்காது. எனக்கு அது ஒத்துவரவில்லை, ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவிட்டேன்.

ஸ்ட்ராபெரி

மின்ட்டோடு வரும் ரிதம்பாக்ஸ் மோசமில்லை. பாட்காஸ்ட் கேட்பவர்கள் அதிலேயே இருக்கலாம், ஏனென்றால் ஸ்ட்ராபெரியில் பாட்காஸ்ட் கிடையாது. ஃபோல்டரைத் திறந்து அதில் இருப்பதை ஓடவிட்டால் போதும் என்பவர்களுக்கு ஆடேஷியஸ். எக்ஸ்எம்எம்எஸ் என்ற பழைய பிளேயரின் வம்சத்தில் வந்தது, தம்மாத்துண்டு கணினியிலும் பறக்கும். நான் ஸ்ட்ராபெரி பக்கம் போனதற்கு அதன் பூர்வீகம் ஒரு காரணம். கேடிஇ என்ற லினக்ஸ் திரைச்சூழலின் அமரோக் 1.4 என்ற பிளேயரை அந்தக் காலத்தில் பயன்படுத்தியவர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். 2008-இல் அமரோக்கை முழுக்கத் திருத்தி எழுதியபோது பழைய தோற்றம் போயிற்று. பழையதே வேண்டும் என்றவர்கள் அந்த 1.4-ஐ அடிப்படையாக வைத்து க்ளெமென்டைனைக் கொண்டுவந்தார்கள், 2010-இல். அது தேங்கியபோது 2018-இல் அதிலிருந்து பிரிந்தது ஸ்ட்ராபெரி. இடப்பக்கம் சேகரிப்பு, வலப்பக்கம் பிளேலிஸ்ட், நடுவில் அலங்காரம் எதுவும் இல்லை. திரை முழுக்க ஆல்பம் படங்களைப் பரப்பிவிட்டுப் பாட்டின் பெயரை ஒளித்துவைக்கும் இன்றைய பிளேயர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

சாஃப்ட்வேர் மேனேஜரில் இரண்டு விதமாகக் கிடைக்கும். சிஸ்டம் பேக்கேஜ் சின்னது, ஆனால் பதிப்பு பழையது. ஃபிளாட்பேக், அதாவது தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவரும் பொதி, புதியது, கேடிஇயின் ரன்டைமையும் சேர்த்து இறக்கும் என்பதால் டிஸ்க்கில் இடம் கூடுதலாகப் பிடிக்கும். நான் ஃபிளாட்பேக்கை எடுத்தேன். கீழே சொல்லப்போகும் ஒலிச் சமன் வசதி புதிய பதிப்புகளில்தான் ஒழுங்காக இருக்கிறது. ஃபிளாட்பேக் தேடலில் வராவிட்டால், சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளையும் காட்டு என்ற தெரிவை சாஃப்ட்வேர் மேனேஜரின் பிரிஃபரன்ஸில் போடுங்கள். மின்ட் 22 அவற்றை இயல்பாக மறைத்து வைக்கிறது. பாட்டுகள் வேறு டிஸ்க்கில் இருந்து பிளேயருக்கு எட்டவில்லை என்றால் ஃபிளாட்சீல் என்ற சிறு கருவியில் அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுக்கலாம்.

திறந்தவுடன் செட்டிங்ஸ், கலெக்‌ஷன், ஆட் நியூ ஃபோல்டர். உங்கள் மியூசிக் ஃபோல்டரைக் காட்டுங்கள். அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே கலெக்‌ஷனை எப்படி அடுக்க வேண்டும் என்பதை ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், அதற்குள் ஆல்பம் என்று மாற்றிவிடுங்கள்.

இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பலர் பாடிய ஓர் ஆல்பம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஆர்ட்டிஸ்ட் டேக் (கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் விவரக் குறிப்பு) வெவ்வேறாக இருந்தால், எந்தப் பிளேயரிலும் ஏழெட்டுத் துண்டாகச் சிதறும். மருந்து ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற தனி டேக். அந்த ஆல்பத்தின் பாட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-இ அழுத்தி, அந்த ஒரு கட்டத்தில் ஒரே பெயரை நிரப்பிச் சேமித்தால் துண்டுகள் ஒன்றாகிவிடும். இசையமைப்பாளர் பெயரையோ, தொகுப்பு என்றோ, எதை வேண்டுமானாலும் போடுங்கள், எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தால் மூன்று ஆட்களாகத்தான் காட்டும். முன்னெழுத்துக்குப் பின்னால் புள்ளி வைப்பதா, இடைவெளி விடுவதா என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு சிடி ஆல்பங்களுக்கு டிஸ்க் நம்பர் போடாவிட்டால் முதல் பாட்டு இரண்டு தடவை வந்து நிற்கும்.

யூனிகோடுக்கு முன்னால் தமிழில் டேக் எழுதப்பட்ட பழைய எம்பி3கள் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துரு மாற்றினால் சரியாகாது, அது வேறு குறியாக்கம். திரும்பத் தட்டச்சு செய்வதுதான் சுருக்கமான வழி. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் எழுத்துரு இல்லை என்று பொருள், நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் போதும்.

பெயரே இல்லாத கோப்புகளுக்கு டேக் ஜன்னலிலேயே தானாக நிரப்பும் பொத்தான் இருக்கிறது. பாட்டின் ஒலியையே கைரேகை மாதிரி எடுத்து அகூஸ்ட்ஐடியில் தேடி, மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து விவரம் கொண்டுவரும். பாட்டை அநேகமாகச் சரியாகப் பிடிக்கும், ஆல்பத்தில்தான் கோட்டை விடும். மூல ஆல்பத்துக்குப் பதிலாக ஏதோ ஒரு தொகுப்பு ஆல்பத்தின் பெயரைத் தூக்கிக்கொண்டு வரும். ஏற்கும் முன் ஒவ்வொன்றையும் பாருங்கள். டேக் மாற்றம் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறது. டைம்ஷிஃப்ட் இதைக் காப்பாற்றாது, முன்னால் எடுத்த தனி நகல்தான் காப்பாற்றும்.

டேக்குகள் சரியானதும் ஆர்கனைஸ் ஃபைல்ஸ் என்பதை நம்பிப் பயன்படுத்தலாம். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், வரிசை எண், தலைப்பு என்று நீங்கள் சொல்லும் ஒழுங்கில் கோப்புகளுக்குப் பெயர் வைத்து அடுக்கும். மாற்றத்துக்கு முன் முன்னோட்டம் காட்டும். முதல் தடவை மூவ் வேண்டாம், காப்பி போதும்.

அடுத்து ஒலிச் சமன். பழைய பதிவு மெதுவாகக் கேட்கும், அடுத்து வரும் புதுப் பதிவு காதைக் கிழிக்கும், கை எப்போதும் வால்யூமிலேயே இருக்கும். இதற்கு ஸ்ட்ராபெரியில் இரண்டு வழி. கோப்புகளில் ஏற்கனவே ரீப்ளேகெயின் டேக் (ஒலியை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற குறிப்பு) இருந்தால் பேக்எண்ட் பகுதியில் அதை இயக்குங்கள். கலந்துகட்டிக் கேட்பவர்கள் ரேடியோ முறையும், ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்பவர்கள் ஆல்பம் முறையும் வைக்கலாம். ஆல்பம் முறையில் மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். டேக் எதுவும் இல்லையென்றால் இபியூ ஆர் 128 என்ற அளவுமுறையில் ஸ்ட்ராபெரியே ஒவ்வொரு பாட்டையும் அளக்கும். கலெக்‌ஷன் செட்டிங்ஸில் அளப்பதையும், பேக்எண்டில் சமன் செய்வதையும் இயக்க வேண்டும். அளக்கும்போது பிராசசர் சூடேறும், பெரிய சேகரிப்பு என்றால் இரவு ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். இலக்கு அளவு -23 எல்யுஎஃப்எஸ் (ஒலி உரப்பின் அலகு) என்று இருக்கும். அது ஒளிபரப்புக்கான எண், ஹெட்ஃபோனில் ரொம்ப அடக்கமாகக் கேட்கும். நான் -18 வைத்திருக்கிறேன். ஒன்றிலும் மூலக் கோப்பின் ஒலி தொடப்படுவதில்லை, ஓடவிடும்போது மட்டும்தான் கூட்டிக் குறைக்கிறது.

ஒரு பாட்டை மங்கவிட்டு அடுத்ததை அதன்மேல் ஏற்றும் கிராஸ்ஃபேடை நிறுத்திவிடுங்கள், அல்லது ஒரே ஆல்பத்தின் பாட்டுகளுக்கிடையே வேண்டாம் என்ற தெரிவைப் போடுங்கள். ஒரு பாட்டு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கும் கச்சேரிப் பதிவுகளில் கைதட்டல் நடுவே குழி விழுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

நட்சத்திரங்களையும் கேட்ட எண்ணிக்கையையும் முடிந்தால் பாட்டின் டேக்கிலேயே சேமி என்று செட்டிங்ஸில் ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டு வையுங்கள். நாளைக்கு வேறு பிளேயருக்கோ, வேறு கணினிக்கோ போனாலும் கணக்கு கோப்போடு வரும். பாட்டுகள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தால் இன்னொன்று: டிஸ்க் இணைக்காத நாளில் ஸ்ட்ராபெரி அந்தப் பாட்டுகளைச் சாம்பல் நிறத்தில் காட்டும், அழித்துவிடாது. ஆனால் இயல்பாக 60 நாளுக்குமேல் காணாமல் போனவற்றைச் சேகரிப்பிலிருந்து எடுத்துவிடும். டிஸ்க்கை அடிக்கடி இணைக்காதவர்கள் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்தால், இடப்பக்கம் ஸ்மார்ட் பிளேலிஸ்ட்ஸைத் திறந்து நெவர் பிளேய்ட் என்பதைச் சொடுக்குங்கள். புதிய நிறுவல் என்றால் முதலில் எல்லாப் பாட்டும் அதில் இருக்கும், சில வாரம் போனால்தான் சுவை தெரியும். நம் டிஸ்க்கில் இருந்தும் நாம் சீண்டாத பாட்டுகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றில் ரைட் கிளிக் செய்து வரிசையில் சேர்த்துவிட்டு வேலையைப் பாருங்கள். வேலையை முடிக்கப்போகிறீர்கள் என்றால் ஓடும் பாட்டில் ரைட் கிளிக் செய்து, இந்தப் பாட்டோடு நிறுத்து என்பதைத் தட்டிவிடலாம். பாதியில் அறுக்காமல் கடைசிச் சுரம் வரை ஓடி, தானே நிற்கும்.